பிரட்டுக் களமும் பெருவிளையாட்டரங்கும்

2024 ஆம் ஆண்டு யூலை மாதம் 28 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, தம்புள்ளை விளையாட்டரங்கிலே இலங்கைப் பெண்கள் அணி இந்திய அணியை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிற்று. சமரி அத்தபத்துவும் அவருடைய தோழியரும் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தபோது நாடே குதூகலித்தது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டத்து லயங்களும் குதூகலித்தன. ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் குந்தியிருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவர்களிற் பலர் எம்மிடம் படிக்கும் மாணவியர்.

மறுநாட் காலை வகுப்பிலே பாடம் நடக்கவில்லை. ஆட்டத்தைப் பற்றியே பேச்சு. பேச்சு ஓய்ந்தபின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், தம்புள்ள நம்ம மாவட்டந்தானே? அப்போ நமக்கு மட்டும் ஏன் வெளையாட எடமில்ல?" என்று கேட்டாள். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை படிப்பிக்க வேண்டிய பாடவேளை அது. கண்ணகி நீதி கேட்டாள் என்று ஆண்டுதோறும் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுக்கும் நாம், எம் முன்னே நின்று நீதி கேட்ட சிறுமிக்கு விடை சொல்ல இயலாது நின்றோம். அன்று சொல்லாத விடையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

தம்புள்ளை விளையாட்டரங்கின் கதை பலர் அறிந்ததே. தம்புள்ளை விகாரைக்குச் சொந்தமான நிலத்தில் 60 ஏக்கரைக் குத்தகைக்குப் பெற்று, 167 நாட்களிற் கட்டி முடித்த அரங்கு என்று பெருமையாகப் பேசப்படுவது அது. 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணியுடன் அங்கு முதற் சர்வதேச ஆட்டம் நடந்தது. பின்னர் இராக்காலத்தைப் பகலாக்கும் மின்விளக்குக் கோபுரங்களும் எழுந்தன. 2010 இல் ஆண்களுக்கான ஆசியக் கிண்ணத் தொடர் முழுவதும் அவ்வரங்கிலேயே நடந்தேறியது. நாட்டின் ஏனைய பகுதிகளில் மழை பெய்து ஆட்டங்கள் தடைப்படும் மாதங்களில் உலர்வலயத்தில் ஒரு களம் வேண்டும் என்பது அதனைக் கட்டியோர் சொன்ன நியாயம். அதனை நாம் மறுக்கவில்லை. விளையாட்டரங்கு கட்டியது குற்றமென்று சொல்லவும் நாம் வரவில்லை. எமது வாதம் வேறு. மனம் வைத்தால் இந்நாட்டில் நிலம் கிடைக்கும், பணம் கிடைக்கும், 167 நாட்களிற் பணியும் முடியும். இதைத் தம்புள்ளை ஐயந்திரிபற நிரூபித்துவிட்டது. ஆகவே, "நிலமில்லை, நிதியில்லை, காலம் கனியவில்லை" என்று இனி எவரும் எம்மிடம் சொல்லற்க!

தம்புள்ளையிலிருந்து கண்டி வீதி வழியே தெற்கே வந்தால் ஏறத்தாழ 45 கிலோமீற்றரில் மாத்தளை நகர். நகரிலிருந்து ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கம் மலையேறினால் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் விளையும் தோட்டங்கள். அங்கே சமதரை எங்கே இருக்கிறது என்று பார்த்து வாருங்கள். மலைச்சரிவிலே சமதரை பொன்னுக்கு நிகர். துரை பங்களாவும் அதன் புற்றரையும் ஒரு சமதரையில். கொழுந்து அரைக்கும் ஸ்டோர் இன்னொன்றில். எஞ்சிய சிறு துண்டு பிரட்டுக் களம். விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. லயங்களோ சரிவில் ஒட்டிக் கிடக்கும். திம்புளையிலும் டிக்கோயாவிலும் வெள்ளைத் துரைமார் தமக்கெனக் கிளப்புகள் அமைத்து ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடி மகிழ்ந்தனர். அந்தத் திடல்களை வெட்டிச் சமப்படுத்திய கைகள் யாருடையவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்றும் தோட்டத்துப் பிள்ளை ஓடியாடக் கிடைப்பது அந்தப் பிரட்டுக் களமே. அதுவும் லொறி நில்லாத வேளையில், நிர்வாகம் முகஞ்சுளிக்காத நாளில். பந்து ஒருமுறை விளிம்பைத் தாண்டினால் மூன்று மலை கீழே போய்த் தேட வேண்டும். ஆட்டத்தின் விதியையே பிள்ளைகள் மாற்றிவிட்டார்கள். எம் தோட்டங்களில் பந்தை உயர அடிப்பவன் ஆறு ஓட்டம் பெறுவதில்லை, ஆட்டமிழக்கிறான்! எல்லைக்கு அப்பால் அடிப்பது அங்கே குற்றம். இந்த ஒரு விதிக்குள் எம் மக்களின் 200 ஆண்டு வரலாறு முழுவதும் அடங்கிக் கிடப்பதாக எமக்குத் தோன்றுவதுண்டு.

இந்நிலை இயற்கையின் செயல் அன்று. மலைச்சரிவின் மீது பழி போட்டுத் தப்ப முடியாது. இது சட்டத்தின் செயல். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் இடம். ஆகவே அங்குள்ள பாதை, குடிநீர், விளக்கு, விளையாட்டுத் திடல் எதுவும் சபையின் பொறுப்பல்ல என்பது அதன் பொருள். 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமையை எம் மக்கள் படிப்படியாக மீட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முழுமையாகப் பெற்றனர். அவர்களும் வாக்களித்தனர், அவர்கள் வாக்கினால் சபைகள் அமைந்தன. வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வந்த சபை, வாய்க்கால் கேட்டபோது சட்டத்தைக் காட்டிற்று! மனிதன் சபைக்கு உரியவன். அவன் நிற்கும் மண் சபைக்கு உரியதன்று. இப்படியொரு விசித்திர நீதி 31 ஆண்டுகள் இந்நாட்டின் ஏட்டில் இருந்தது.

2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. நீண்ட காலக் கோரிக்கை வென்றதென்று மகிழ்ந்தோம். ஆயின் நடந்தது என்ன? அவ்வாண்டு தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடத்தப் பணமில்லை என்றது அன்றைய அரசு. அவ்வாறு தேர்தலை நடத்தாது விட்டது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் நாளிலேதான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஈராண்டும் கேட்க ஆளில்லாத காலம். இப்போது சபைகள் உள. தடையான சட்டமும் இல்லை. தோட்டத்துத் திடலுக்கென வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதச் சபை உறுப்பினர்களின் கையைப் பிடித்துத் தடுப்பது எது? "செலவிடலாம்" என்று சட்டம் சொல்லிவிட்டது. "செலவிடு" என்று மக்கள் சொன்னாலன்றி அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

இங்கே எம் நகரத்து அன்பர்கள் சிலர் குறுக்கிடுவர். நாமும் நகரவாசியே, தேநீர்க் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் இவ்வாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "திறமை இருப்பவன் எப்படியும் வருவான், முத்தையா முரளிதரன் வரவில்லையா?" என்பது அவர்கள் வாதம்.

முரளிதரனின் சாதனையை எண்ணி எம் நெஞ்சு விம்மாத நாளில்லை. 2010 இல் காலியிலே 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை அவர் வீழ்த்தியபோது எம் லயங்களில் வெடி கொளுத்தினார்கள். ஆனால் அவர் வாழ்க்கை எதை நிரூபிக்கிறது? அவருடைய பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்தவர். தந்தையாரோ கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்தியவர். முரளிதரன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே திடல் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், போட்டிகள் இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு அவை கிடைத்தன என்பதுதான் இவ்வரலாறு கூறும் உண்மை. தோட்டத்திலேயே இருந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுள் எத்தனை முரளிதரன்கள் பிரட்டுக் களத்தின் விளிம்போடு முடிந்து போயினர் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியல் சொல்லும்? ஒருவரைக் காட்டி ஓராயிரம் பேரை மறைக்கும் வித்தைக்கு முரளிதரனின் பெயரைப் பயன்படுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

திடல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்வோம். அன்று பிரித்தானிய கயானா என வழங்கிய நாட்டிலே போர்ட் மௌரண்ட் என்றொரு கரும்புத் தோட்டம். எம் முன்னோரைப் போலவே இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழ்ந்த இடம். எம் லயங்களை ஒத்த வாழ்க்கை. எம்மை ஆண்ட அதே பேரரசு. ஆனால் அத்தோட்டத்தில் ஒரு விளையாட்டுத் திடல் இருந்தது. 1954 இல் மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் துடுப்பாட்ட வீரர் கிளைட் வோல்கொட், கரும்புத் தோட்டங்களில் கிரிக்கெட்டை வளர்ப்பதற்கென அந்நாட்டிற்கு வந்து பணியாற்றினார். விளைவு? ரோகன் கன்ஹாய், பசில் புச்சர், ஜோ சொலமன் என மூவர் அந்த ஒரே தோட்டத்திலிருந்து 1950 களின் பிற்பகுதியில் மேற்கிந்திய அணிக்குள் நுழைந்தனர். 1960 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்ததே, அதன் கடைசி விக்கெட்டைச் சாய்த்த எறி ஜோ சொலமனின் கையிலிருந்து பறந்தது. கரும்பு வெட்டியவர்களின் வழிவந்த கை அது!

கரும்பு முதலாளிகளுக்குத் தருமசிந்தை ஊற்றெடுத்ததால் இது நடந்ததென்று எவரும் மயங்க வேண்டாம். 1948 யூனில் எண்மோர் என்ற தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போர்ட் மௌரண்டிலே தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த செட்டி ஜகன் அவர்தம் குரலாக எழுந்தார். அக்கொந்தளிப்பின் பின்னரே தொழிலாளர் நலன் பற்றிய பேச்சு அங்கு வலுப்பெற்றது. எம் மண்ணிலும் 1940 இல் முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் குண்டுக்கு இரையானான், எம்மவரும் போராடாதவரல்லர். ஆனால் அங்கே கொந்தளிப்பு எழுந்த அதே 1948 இல், இங்கே எம் மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. குடிமகனாக இல்லாதவன் குடிநீர் கேட்க முடியாது. குடிநீர் கேட்க முடியாதவன் திடல் கேட்பது எங்ஙனம்? இரு தோட்டங்களின் பிள்ளைகளும் இரு வேறு வழி சென்றது திறமையினால் அன்று, அரசியலினால் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது எதிர்வாதம் எம் சொந்த முகாமிலிருந்தே வருகிறது. "தோழரே, ஆயிரம் ரூபாய் நாட் சம்பளத்தைப் பெறவே எம் மக்கள் 2021 வரை போராட வேண்டியிருந்தது. கூரை ஒழுகுகிறது. முதலில் சோறு, வீடு, பிறகு விளையாட்டு. பந்து என்பது மக்களை மயக்கும் அபினி" என்பர் சில நண்பர்கள். அவர்தம் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இவ்வாதம் தவறானது. தேர்தலுக்கு முந்திய வாரம் லயத்துக்கு லயம் கரப்பந்தும் துடுப்பு மட்டையும் பகிர்ந்து புகைப்படம் எடுத்துச் செல்கிறார்களே, அஃது அபினி என்றால் ஒப்புகிறோம். பந்தைத் தருகிறவர்கள் நிலத்தைத் தருவதில்லை. பந்து ஆறு மாதத்தில் கிழியும், நிலம் கிழியாது. ஆனால் திடல் கேட்பது அபினி கேட்பதன்று. 1931 இல் வியன்னா நகரில் தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது. அதனை முன்னிட்டு அந்நகரில் ஒரு பெரும் விளையாட்டரங்கே எழுந்தது. தொழிலாளருக்கு வீடுகள் கட்டிக் கொடுத்துப் புகழ்பெற்ற நகராட்சி அது. வீடா, திடலா என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்றனர், இரண்டையும் பெற்றனர். எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளன் எஞ்சிய நேரத்தையும் தனதாக்கவே கேட்டான். அந்த நேரத்திற்கு ஓர் இடம் வேண்டாமா?

திடல் என்பது நிலத்தின் கேள்வி. தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் பெரும்பாலான நிலத்தின் உரிமை அரசிடமே இருந்தது, அதாவது மக்களிடம். ஆனால் அம்மக்களுக்கு அதில் ஒரு தடி நட உரிமையில்லை. 2023 ஓகஸ்டில் எல்கடுவைப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு தொழிலாளர் குடும்பம் அமைத்திருந்த தற்காலிகக் குடிலை நிர்வாகத்தினர் உடைத்தெறிந்த காட்சியை நாடே பார்த்தது. நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. குடிசைக்கு நிலமில்லாத இடத்தில் விளையாட நிலம் கேட்பது பேராசையன்று. ஒரே உரிமையின் இரு கூறுகள் அவை.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்ப்போம். கரப்பந்தாட்டக் களத்தின் நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். சுற்றிலும் ஓடுவதற்கு இடம் விட்டாலும் 20 பேர்ச்சஸ் நிலம் தாராளமாகப் போதும். தம்புள்ளை அரங்கிற்குக் கிடைத்த 60 ஏக்கர் என்பது 9600 பேர்ச்சஸ். அதாவது 480 கரப்பந்தாட்டக் களங்கள். நாம் அந்த அரங்கை உடைத்துப் பங்கிடச் சொல்லவில்லை. அத்துணை நிலத்தை ஓரிடத்திற் கண்டுபிடித்தவர்களால், தோட்டத்துக்கு 20 பேர்ச்சஸ் கண்டுபிடிக்க முடியாதா என்று மட்டுமே கேட்கிறோம்.

பிறரைக் குற்றங்கூறிவிட்டு நாம் தப்பிக்கொள்வது அறமன்று. இவ்விதழைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, எம் கைகளும் தூயனவல்ல. நேரசூசியில் உடற்கல்வி என்று ஒரு பாடவேளை இருக்கிறது. அதனைக் களவாடுவோர் யார்? புலமைப்பரிசில் நெருங்கினால் கணித ஆசிரியர் எடுப்பார். சாதாரண தரம் நெருங்கினால் நாமே தமிழுக்கு எடுப்போம். எடுத்திருக்கிறோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு, நீறு தூவிக் கோடு கிழித்து, சரிவான முற்றத்தில் 100 மீற்றருக்கு இடமின்றி 80 மீற்றரோடு முடித்து, பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டால் விளையாட்டு முடிந்தது! ஒருமுறை எம் மாணவி ஒருத்தி வலயப் போட்டிக்குச் சென்றாள். உண்மையான ஓடுபாதையை அவள் வாழ்நாளில் அன்றே முதன்முதற் கண்டாள். வளைவில் எப்படி ஓடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை; நேர்கோட்டில் மட்டுமே ஓடிப் பழகியிருந்தாள். நான்காவதாக வந்தாள். "பரவாயில்லை" என்றோம். அவள் எம்மை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு முன் அச்சொல் கூசிற்று. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையைக் கடத்திவிட்டோம் அல்லவா?

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கொடிது. ஆண்பிள்ளைக்குப் பிரட்டுக் களமாவது உண்டு. கொழுந்து பறித்து வரும் தாய்க்கு முன்பே வீடு திரும்பித் தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, தம்பி தங்கையரைப் பார்க்கும் பெண்பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவளே அன்று ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் சமரியைப் பார்த்தவள். அவளே மறுநாள் எழுந்து எம்மைக் கேட்டவள்.

ஆகவே எமது கோரிக்கை சுருக்கமானது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சமதரை அளந்து ஒதுக்கப்பட வேண்டும். அது துரையின் தயவில் அன்றி, பிரதேச சபையின் பொதுச் சொத்தாக ஏட்டில் பதியப்பட வேண்டும். 2025 இல் தெரிவான ஒவ்வொரு சபையும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத சபையில், தோட்டத்து வாக்கில் வென்ற உறுப்பினர் எழுந்து காரணம் கேட்க வேண்டும். திடலில் பெண்பிள்ளைகளுக்கென நேரம் குறிக்கப்பட வேண்டும். உடற்கல்விப் பாடவேளையை இனி எவரும் தொடாதிருக்க ஆசிரியராகிய நாம் உறுதி பூண வேண்டும். இவற்றுள் கடைசியானதை எந்த அமைச்சரையும் கேளாமல் நாளைக் காலையே தொடங்கலாம்.

2023 இல், எம் மக்கள் இந்நாட்டிற்கு வந்த 200 ஆண்டு நிறைவை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது. யூலை 28 இல் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் பசியோடும் கொள்ளை நோயோடும், வழியில் இறந்தவரைப் புதைத்துக்கொண்டும் நடந்த பாதையின் நினைவிலே நடந்த நடை அது. நாமும் நகர எல்லையில் நின்று அவர்களை வரவேற்றோம். சரியாக ஓராண்டு கழித்து, அதே யூலை 28 இல்தான் தம்புள்ளையில் கிண்ணம் உயர்ந்தது. இந்நாட்டின் பெண்கள் எதையும் வெல்வர் என்று அந்த நாள் சொல்லிற்று. நடந்து நடந்தே இந்நாட்டை ஆக்கியவர்களின் பேத்திகளுக்கு ஓடுவதற்கு ஓரிடம் இன்னும் இல்லை என்பதையும் அதே நாள் சொல்லிற்று.

கடைசி வரிசை மாணவியே, உன் கேள்விக்கு எம் விடை இதுதான்: இடம் இருக்கிறது; எப்போதும் இருந்தது. அதை உனக்குத் தரவில்லை, அவ்வளவே. நீ கேட்டுக்கொண்டே இரு. இனி நீ தனியே எழுந்து நிற்கமாட்டாய். உன் ஆசிரியரும் உன்னோடு எழுந்து நிற்போம்.